கத்தரிப்பூ நிறத்தில் கொஞ்சம் மண்

எங்கள் திருப்பூருக்கென்று சொல்லிக்கொள்ள ஒரு மலை கிடையாது. ஆகையால் நாங்களே ஒன்றைச் செய்துகொண்டோம். முழுக்க முழுக்கத் துணியால் ஆன மலை. தீபாவளிக்கு எடுத்து நிறம் பிடிக்காமல் போனது, தள்ளுபடி என்று வாங்கி அளவு பார்க்க மறந்தது, ஒருமுறை போட்டுப் படம் எடுத்ததும் அலுத்துப்போனது, எல்லாம் போய்ச் சேர்ந்து ஊருக்குத் தெற்கே மலையாக நின்றது. மழைக்காலத்தில் அதன் உச்சியில் மேகம் தங்கும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி சிலர் கிரிவலம் போக ஆரம்பித்தார்கள்; பாதி வழியில் ஒரு சுண்டல் கடையும் வந்துவிட்டது. அடிவாரத்தில் மேய்ந்த ஆடுகள் ஜீன்ஸ் தின்னப் பழகி, இளநீலத்தில் பால் கொடுத்தன. நான் குடித்திருக்கிறேன். டீக்குச் சரிப்பட்டு வராது. மற்றபடி குறை சொல்ல முடியாது.

இதை இன்றைக்குச் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. நீலப் பாலை நம்பிவிடுகிறார்கள். ஒரு மனிதனிடம் உடுத்தாத சட்டைகள் இருந்தன, அதுவும் ஒரு பீரோ நிறைய இருந்தன என்பதைத்தான் நம்ப மறுக்கிறார்கள்.

ஒரு மார்கழியில் மலை சரிந்து அடிவாரத்துத் தெரு ஒன்றை மூடியது. துணி என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. தெருக்காரர்கள் தோண்டிக்கொண்டு வெளியே வந்தபோது ஆளுக்கொரு புதுச்சட்டை போட்டிருந்தார்கள். அதன் பிறகுதான் அரசாங்கத்தின் கண்ணில் மலை பட்டது. கோயம்புத்தூர்ப் பக்கம் உயிர்நூல் கழகம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். அங்கிருந்து வந்ததுதான் நாம் இன்று உடுத்துகிற நூல்.

அந்த நூலுக்குள் ஒரு பூஞ்சை குடியிருக்கிறது. மனித உடம்பின் சூட்டையும் வேர்வையையும் தின்று அது உயிர் வாழும். உடுத்திக்கொண்டே இருந்தால் துணி கிழியாது, வெளுக்காது, ஒரு ஆயுசுக்கு வரும். ஒரு மழைக்காலத்திலிருந்து அடுத்த மழைக்காலம் வரை யாரும் உடுத்தவில்லை என்றால், பசி தாங்காமல் பூஞ்சை துணியையே தின்று மண்ணாக்கிவிடும். நல்ல மண். தக்காளி பிரமாதமாக வரும். இனிமேல் இந்த நூலில்தான் நெய்ய வேண்டும், இதைத்தான் விற்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பழைய மலைக்கும் அதே பூஞ்சையைத் தூவினார்கள். மலை மேடாயிற்று, மேடு தோட்டமாயிற்று. சுண்டல் கடைக்காரருக்கு மட்டும்தான் நஷ்டம்.

முதல் வருஷம் ஊர் பட்ட பாடு கொஞ்சமல்ல. எங்கள் வட்டாரத்து மாஜி மந்திரி ஒருவர், மேடைதோறும் வாங்கிய பொன்னாடைகளை ஒரு அறை நிறைய அடுக்கி வைத்திருந்தார். மழை முடிந்து பார்த்தால் ஜன்னல் வழியாகக் கோரைப்புல் எட்டிப் பார்க்கிறது. ரவிக்கைத் துண்டு விவகாரம் அதைவிட மோசம். வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கிற அந்தத் துண்டை யாரும் தைப்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும். வாங்கியவள் அடுத்த விசேஷத்தில் இன்னொருத்திக்கு வைத்துக் கொடுப்பாள். அது பாட்டுக்கு ஊர் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு வளைகாப்பில் தட்டை நீட்டும்போதே துண்டு பொலபொலவென்று வெற்றிலை மேல் உதிர்ந்தது. யார் கையில் இருக்கும்போது செத்தது என்று இரண்டு குடும்பங்கள் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

பிறகு பழகிவிட்டது. உடுத்துவதை மட்டும் வாங்கினார்கள், வாங்கியதையெல்லாம் உடுத்தினார்கள். கல்யாணப் பட்டில் பாத்திரம் துலக்குவது எங்கள் தெருவில் சாதாரணக் காட்சி. வெளியூர் போகிறவர்கள் சாவியோடு நாலு சட்டையையும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வது மாதிரி. சட்டம் நல்ல சட்டம் என்றுதான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். என் பீரோவில் இப்போது முக்கால்வாசி இடத்தில் வெங்காயம் இருக்கிறது.

ஆனால் பூபதியின் பீரோவில் ஒரு சேலை இருந்தது. சொல்ல வந்தது அதைப் பற்றி.

பூபதிராஜ் எனக்குப் பக்கத்து வீடு. மனிதர்கள் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு திரிந்த காலத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருந்தவன். எங்களுக்குள் சொந்தம் ஏதும் கிடையாது. ஆனாலும் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். மனைவி சுபாஷினி. ஒரே மகள் நறுமுகை. அவளுக்கு வேலை எங்கே என்று கேட்டால், அதே உயிர்நூல் கழகத்தில்தான். நூலைக் கண்டுபிடித்த கூட்டத்தில் அவளும் ஒருத்தி. வீட்டுக்கு வரும்போதெல்லாம் தெருப் பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டு, தங்கள் சேலைக்கு வயிற்றுவலி வந்தது போலச் சந்தேகம் கேட்பார்கள்.

பூபதியின் அறுபதாம் கல்யாணத்துக்குச் சுபாஷினி ஒரு சேலை எடுத்தாள். உயிர்நூல் பட்டு, கத்தரிப்பூ நிறம். அதை முதன்முதலாக உடுத்தப் போன அன்றைக்கு நான் அங்கேதான் இருந்தேன். கிழங்கு மஞ்சளை உரைத்துக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, பெருவிரலை முழுசாக அதில் அழுத்தி, சேலை ஓரத்தில் ஒரு முத்திரை குத்தினாள். வழக்கமாக ஒரு பொட்டு வைப்பார்கள். இது அப்பளத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

"சேலைக்கு வெக்கறயா, சாம்பாருக்கு வெக்கறயா?" என்றான் பூபதி.

"உள்மூலைதானுங்களே. கொசுவத்துக்குள்ள போயிரும்," என்று சொல்லி, இன்னும் ஒருதரம் அழுத்தினாள்.

வெள்ளிக்கிழமை தோறும் அதைத்தான் உடுத்துவாள். சட்டத்துக்குப் பயந்து அல்ல, பிடித்துப்போய். போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை உடுத்தி, மடித்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

இப்போதெல்லாம் இறந்தவர்களின் துணியைக் காரியம் முடிந்த கையோடு அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுகிறோம். வைத்திருந்து என்ன செய்வது? பூபதியும் கொடுத்தான். சுபாஷினியின் சேலைகளைத் தெருப் பெண்கள் ஆசையோடு வாங்கிக்கொண்டார்கள். காலையில் பால் வாங்கப் போனால் அவற்றில் ஒன்றிரண்டு எதிரே வரும். பூபதி ஒவ்வொன்றுக்கும் வணக்கம் சொல்வான். உள்ளே இருக்கும் பெண்கள் தங்களுக்கென்று நினைத்துப் பதில் வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

கத்தரிப்பூச் சேலையை மட்டும் அவன் கொடுக்கவில்லை. காரணம் எளிது. மற்றவை துவைத்து வைத்தவை. இது அவள் உடம்பிலிருந்து இறங்கி நேராக பீரோவுக்குள் போனது. தினமும் காலையில் பல் துலக்கியதும் பூபதி பீரோவைத் திறப்பான், குனிந்து ஒரு மூச்சு இழுப்பான், மூடிவிடுவான். கையால் தொடமாட்டான். அதன் பிறகுதான் காபி.

அடுத்த ஆடியில் நறுமுகை வந்திருந்தபோது பேச்சு வந்தது. நானும் இருந்தேன். நான் எப்போதும் அங்கேதான் இருப்பேன். என் வீட்டில் வெங்காய வாசம்.

"அப்பா, அந்தச் சேலைய யாராச்சும் உடுத்தணும். இல்லீன்னா இந்த மழைக்குப் போயிரும்," என்றாள் நறுமுகை.

"யாரு உடுத்தறது?"

"நான் உடுத்தறேன்."

பூபதி ஃபேனைப் பார்த்தான். "நீ உடுத்துனா உன் வாசம் வந்துரும் கண்ணு."

அவள் மறுத்துப் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். பேசவில்லை. நூலின் குணத்தை எனக்குச் சொல்வது போல அப்பாவுக்குச் சொன்னாள். புது ஆள் உடுத்தியதும் பூஞ்சைக்குப் பசி கிளம்பும். அது முதலில் தின்பது பழைய ஆளின் வேர்வையைத்தான். வாசம் இருப்பது அதில்தான்.

"உடுத்துனா சேலை மிஞ்சும், அம்மா வாசம் போயிரும் மாமா. உடுத்தலீன்னா வாசம் இருக்கும், ஆனா சேலை போயிரும். அப்பறம் ரெண்டுமே இருக்காது."

"நடுவுல நிறுத்தி வெக்க ஒரு வழியுமே வெக்கலியா நீங்க?" என்று கேட்டேன்.

வைத்திருந்தார்கள். உறக்க மருந்து என்று ஒன்று. ஒரு சொட்டு விட்டால் பூஞ்சை உறங்கிவிடும். துணி அப்படியே நிற்கும். அருங்காட்சியகத்துத் துணிகளுக்கு மட்டும்தான் தருவார்கள். வேறு யாருக்கும் தரக்கூடாது என்று கூட்டத்தில் எழுந்து நின்று வாதாடியவளே நறுமுகைதான்.

"ஒருத்தருக்கு விட்டா அத்தனை பேருக்கும் விடணும் மாமா. சாவு நடக்காத வீடு எது? வீட்டுக்கு ஒரு சேலை, ஒரு வேட்டி. அத்தனை பீரோவையும் கொண்டாந்து ஒண்ணாக் கொட்டுனா அதுதான மறுபடியும் மலை?"

சட்டம் நல்ல சட்டம் என்று சொன்னவனாயிற்றே நான்.

அப்போது அவள் இன்னொன்றும் சொன்னாள். அதற்கு முந்தின வருஷக் கோடையில் அவிநாசியிலிருந்து ஒரு பெண் கழகத்துக்கு வந்தாளாம். இலக்கியா என்று பெயர். கையில் ஒரு கவுன். இரண்டு வயதைத் தொடாமல் போய்விட்ட அவளுடைய குழந்தையுடையது. அதற்கு உறக்க மருந்து கேட்டாள். யாருக்காவது உடுத்தச் சொல்லிக் கொடுங்கள் என்று கழகத்தில் சொல்லியிருக்கிறார்கள். அவள் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். சேலை, சட்டை என்றால் சந்தோஷமாக வாங்கி உடுத்துகிற அதே ஊர், செத்த குழந்தையின் கவுனைத் தன் குழந்தைக்குப் போட மாட்டேன் என்றுவிட்டது. யாரைக் குற்றம் சொல்வது? நறுமுகையே அவளை உட்காரவைத்துப் பேசி, முடியாது என்று சொல்லி, பஸ் ஏற்றிவிட்டு வந்தாள்.

"அப்பறம்?" என்றான் பூபதி.

"மழைக்கு மண்ணாயிருக்கும்ப்பா," என்றாள்.

அவள் ஊருக்குப் போனதும் விஷயத்தை நான் கையில் எடுத்துக்கொண்டேன். பூஞ்சைக்கு வேண்டியது சூடும் உப்பும்தானே. அதற்கு மனிதன் எதற்கு? ஆனால் அந்தச் சேலையில் சோதனை செய்யப் பூபதி விடவில்லை. என்னுடைய பழைய துண்டு ஒன்றை எடுத்து வெந்நீர்ப் பையில் சுற்றி, உப்புத்தண்ணீர் தெளித்து, நாள் தவறாமல் சூடு வைத்தோம். துண்டு ஏமாறவில்லை. அவமானப்பட்டது போலச் சுருண்டுகொண்டது. பால்காரரின் எருமைக்குக் கொஞ்ச நாள் போர்த்திப் பார்த்தோம். துண்டுக்கு எருமையைப் பிடித்துப்போய், பிறகு என் தோளில் நிற்க மறுத்துவிட்டது. இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. ஆனால் எருமையின் வாசத்தோடு.

கடைசியில் சொன்னேன்: "நீயே ஒருதரம் சுத்திக்க மாப்ள. வீட்டுக்குள்ளதான. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

அவன் சிரிக்கவில்லை. "என் எண்ணெ வாசம் அவளுக்கு ஆகாது. தலகாணிய மாத்தி வெச்சதுக்கே ரெண்டு நாள் பேசாம இருந்தவ," என்றான்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நறுமுகை சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். வந்தவள் காபி வேண்டாம் என்றாள், உட்காரவும் இல்லை. கைப்பையிலிருந்து ஒரு டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்து அப்பாவின் முன்னால் வைத்தாள். உள்ளே பஞ்சில் பொதிந்து, கண் மருந்துக் குப்பி அளவில் ஒரு குப்பி.

"ஒரு சொட்டு போதும்ப்பா. சேலையும் நிக்கும், வாசமும் நிக்கும்."

பூபதி குப்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அந்தக் காலத்தில் யாராவது பழைய போனைக் கடைக்கு விற்கக் கொண்டுவந்தால், பில் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால் இப்படித்தான் பார்ப்பான். பீரோ இருக்கும் அறையை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டான். வாங்கிக்கொள்ளப் போகிறான் என்றுதான் நினைத்தேன். வாங்கிக்கொள்ளட்டும் என்றும் நினைத்தேன்.

"அந்த அவிநாசிப் புள்ளைக்குக் குடுத்தீங்களா கண்ணு?" என்று கேட்டான்.

நறுமுகை டிபன் பாக்ஸின் மூடியைக் கையில் எடுத்தாள்.

"குடுக்கலீல்ல. அப்ப எனக்கும் வேண்டாம். எடுத்த எடத்துலயே வெச்சுரு."

"அப்பா..."

"நீ சொன்னது சரிதான் சாமி. சரின்னா எனக்கும் சேத்துத்தான சரி."

அவள் அழவில்லை. டிபன் பாக்ஸை மூடி, மூடியை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது முதல் அழுத்திலேயே மூடிவிட்டது. பிறகு காபி கேட்டாள். மூன்று பேரும் குடித்தோம்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. பூபதி காலையில் வழக்கம் போல பீரோவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். இப்போது ஒரு மூச்சுக்குப் பதிலாக இரண்டு மூச்சு. ஒரு சனிக்கிழமை, என் வீட்டு வாசலில் வந்து நின்று, "போயிருச்சு மாப்ள," என்றான். மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லும் குரல்.

போய்ப் பார்த்தேன். பீரோத் தட்டில் சேலை மடித்தது மடித்தபடியே இருந்தது. விளிம்பு, மடிப்பு, கரை எல்லாம் தெரிந்தது. பூபதி விரலை வைத்தான்; சத்தமில்லாமல் சரிந்தது. மண்ணிலும் கத்தரிப்பூ நிறம் மங்கலாக இருந்தது. வாசம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அவன் குனிந்து மூச்சு இழுத்துவிட்டு நிமிர்ந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. மழை மண் வாசம்தான் வந்தது.

மத்தியானம் நறுமுகை வந்து சேர்ந்தாள். துடைப்பத்தை எடுத்தேன், பூபதி வாங்கி மூலையில் வைத்தான். துடைப்பம் படக் கூடாதாம். ஒரு எவர்சில்வர் வாளியைத் தட்டுக்குக் கீழே பிடித்து, கையாலேயே அள்ள ஆரம்பித்தான். அப்பாவும் மகளுமாக அள்ளினார்கள். பாதி அள்ளியிருப்பான். கை நின்றது.

"என்னமோ இருக்குது," என்றான்.

வெளியே எடுத்தான். உள்ளங்கையில் வைத்து ஊதினான். துணி. மண் அல்ல, துணி. கத்தரிப்பூ நிறத்தில் ஓரம், நடுவில் முழுக்க மஞ்சள். தொட்டால் விறைப்பாக இருந்தது, ஆனால் உதிரவில்லை.

நறுமுகை அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். இவள் அம்மாவைப் பார்க்கிறாளா, பூஞ்சையைப் பார்க்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டையும்தான் பார்த்திருக்கிறாள்.

"மஞ்சள் பட்ட எடத்துல பூஞ்சை பொழைக்கல. புதுத்துணியா இருக்கறப்பவே செத்துருக்குது. அதனால திங்க ஆளில்ல, மண்ணாவும் ஆகல," என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எங்க சோதனைத் துணி ஒண்ணுக்கும் நாங்க மஞ்சள் வெக்கலீங் மாமா."

பக்கத்து ஊரே மஞ்சள் சந்தை. கழகத்தில் பாதிப் பேர் ஈரோட்டுக்காரர்கள். புதுச்சட்டைக்குக் காலரில் மஞ்சள் தொட்டு வைக்காமல் ஒருநாளும் வேலைக்குப் போகாதவர்கள். ஆனால் வீட்டில் இருந்தால்தான் அது புதுத்துணி; சோதனைச்சாலைக்குள் அது வெறும் மாதிரி. மாதிரிக்கு யார் மஞ்சள் வைப்பார்கள்? ஊரிலும் யார் கண்ணிலும் படவில்லை. மண்ணாகிப் போனதெல்லாம் பெரும்பாலும் உடுத்தாமலே வைத்திருந்தது; மஞ்சள் வைப்பதோ முதன்முதலாக உடுத்தும்போது. அப்படியே ஒன்றிரண்டு தப்பியிருந்தாலும், மண்ணைச் சலித்துப் பார்க்கிற பழக்கம் யாருக்கு இருக்கிறது? கூட்டித் தொட்டியில் கொட்டிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவோம்.

பூபதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துண்டை வாங்கிப் பார்த்தான். மஞ்சளின் மேல் வரிவரியாக ரேகை. பெருவிரல் ரேகை. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு, கொஞ்சம் விலகி.

"நல்லவேளை, என் பேச்ச அவ கேக்கல," என்றான்.

அதன் பிறகுதான் அழுதான். ஒரு வருஷத்துக்கு உண்டானதை மொத்தமாக அழுதான். நானும் நறுமுகையும் மண்ணை அள்ளி முடித்தோம்.

திங்கட்கிழமை இதைக் கழகத்தில் எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்று நறுமுகை சொன்னாள். சொல்லும்போதே பயந்தாள். ஊருக்குத் தெரிந்தால் ஆளாளுக்குச் சேலையை மஞ்சளில் முக்கி அடுக்கி வைத்துவிடுவார்கள். மலை திரும்ப வரும். பூபதி மூக்கைத் துடைத்துக்கொண்டு, எழுது என்று மட்டும் சொன்னான்.

அவள் எழுதினாள், ஊருக்கும் தெரிந்தது, அவள் பயந்த மாதிரியே முக்கினார்கள். ஆனால் பூஞ்சை செத்த நூலுக்கு வலு கிடையாது. முழுசாக முக்கிய சேலை அப்பளம் மாதிரி விறைத்து, தும்மினால் கிழிந்தது. கொஞ்ச காலம் ஊரே மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டது போல நடமாடிவிட்டு அடங்கியது. மூலையில் வைக்கும் மஞ்சளைப் பற்றிக் கழகம் பலமுறை கூடிப் பேசி, பெருவிரல் அளவுள்ள துண்டை ஆடை என்று கொள்வதற்கில்லை, எனவே சட்டம் அதைத் தொடாது என்று முடிவு சொன்னது. அரசாங்க மொழியில் அவ்வளவு அழகான வாக்கியத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அதெல்லாம் பின்னால். அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே நறுமுகை எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "மாமா, அவிநாசி வரைக்கும் வர்றீங்களா?" என்றாள்.

தனியாகப் போகப் பயம். என்னையும் கூட்டிக்கொண்டாள்.

இலக்கியாவின் வீடு தேர்வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கதவைத் திறந்ததும் நறுமுகையை அடையாளம் தெரிந்துகொண்டாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. வாங்க என்றாள். வீட்டுக்காரர் மில்லுக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். எங்களை உட்காரவைத்து, கொத்துமல்லி கிள்ளிப் போட்டு ஆளுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள். கொடுத்துவிட்டு எதிரே நின்றாள். எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவே இல்லை.

"அந்தக் கவுன்..." என்று ஆரம்பித்தாள் நறுமுகை. "அது மண்ணானதுக்கு அப்பறம், அந்த மண்ணைக் கொட்டிட்டீங்களா?"

"ஏனுங்க? அதையும் எடுத்துட்டுப் போகணுங்களா?"

நறுமுகை தலையைக் குனிந்துகொண்டாள். நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"இல்லீங்க. அந்தக் கவுனுக்கு மஞ்சள் வெச்சிருந்தீங்களா?"

"எந்தப் புதுத்துணிக்குங்க வெக்காம இருப்பம்?"

"மண்ணு இருக்குதுங்களா?"

இலக்கியா உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்துவந்தாள். குழந்தைகளுக்கான பால்மாவு டப்பா. நறுமுகை அதைத் தொடவில்லை. ஒரு தாம்பாளம் கேட்டாள். நீங்களே மெதுவாகக் கொட்டிக் கையால் துழாவிப் பாருங்கள் என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. இல்லாமல் போனால் இன்னொரு தடவை இந்தப் பெண்ணின் கையிலிருந்து பறித்தது போல ஆகிவிடும் என்று பயந்திருப்பாள். எனக்கும் அதே பயம். சுபாஷினி அழுத்தியது போல எல்லாரும் அழுத்துவார்களா?

மண் ரோஜா நிறத்தில் இருந்தது. கொஞ்சம்தான். குழந்தைக் கவுனில் எவ்வளவு வந்துவிடும்? இலக்கியா விரல்களை அதில் விட்டாள். துழாவினாள். புளியங்கொட்டை அளவில் ஒரு மஞ்சள் துண்டு வந்தது.

எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "பின்கழுத்துல வெச்சது," என்றாள். "தையலுக்குப் பக்கத்துல வெச்சேன். என் வெரல்தான்."

நறுமுகை மூச்சை விட்டாள். எல்லாம் விளக்கிச் சொல்ல வாயெடுத்தாள். இலக்கியா கேட்கவில்லை, அவள் விரல்கள் மறுபடியும் மண்ணுக்குள் போயிருந்தன. இன்னொன்று வந்தது. முதலாவதைவிடப் பெரிது, கோணல்மாணலாக, ஓரமெல்லாம் கிழிசல். அதைத் தட்டின் விளிம்பில் வைத்துத் திருப்பினாள். மஞ்சளில் இழுவிவிட்ட நாலு கோடுகள். ஒவ்வொரு கோட்டின் முனையிலும் மிளகளவில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ரேகை.

"இது நான் வெச்சதில்லீங்க," என்றாள் இலக்கியா.

நறுமுகை தட்டின் பக்கம் குனிந்தாள்.

"நான் கழுத்துக்கு வெச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பறதுக்குள்ள கிண்ணத்துல கைய உட்டுட்டா. உட்டு, நெஞ்சுல தேச்சுக்கிட்டா. புதுக் கவுனு பாழாப் போச்சேன்னு," அவள் சிரிக்க ஆரம்பித்தாள், பாதியில் அது வேறொன்றாயிற்று. "திட்டுனேனுங்க. எத்தனை தொவைச்சும் போகல."

தன் சுண்டுவிரலை அந்தச் சின்ன வட்டம் ஒன்றின் மேல் வைத்துப் பார்த்தாள். வட்டம் முழுசாக மறைந்தது. எடுத்தாள், திரும்பத் தெரிந்தது. மறுபடியும் வைத்தாள்.

நறுமுகை எழுந்து போய் அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

கிளம்பும் நேரத்தில் இலக்கியா விடவில்லை. இருங்க என்று உள்ளே போய், இன்னும் ஒருமுறை மோர் கரைத்துக் கொண்டுவந்தாள். இந்தத் தடவை உப்புப் போட மறந்திருந்தாள். நறுமுகை ஒரு மிடறு குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் டம்ளரைக் காலி செய்து, நல்லா இருக்குதுங்க என்று இன்னொன்று வாங்கிக் குடித்தேன்.